பிழையை விரட்டிய மேதை!

கம்ப்யூட்டரின் தந்தை யார்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட, சார்லஸ் பாபேஜ் என்று சொல்லிவிடுவீர்கள். எல்லா பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கிற கேள்விதானே!

சரி குட்டீஸ், இன்னொரு கேள்வி. அந்தத் தந்தை தன் வாழ்நாளில் எத்தனை கம்ப்யூட்டர்களைச் செய்து முடித்தார்? கொஞ்சம் யோசியுங்கள்.

விடை: ஒன்றுகூட இல்லை!

ஆச்சரியமாக இருக்கிறதா? இந்த ஆச்சரியத்துக்குள் உங்களுடைய வேறொரு சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. புது சாப்ட்வேர் வெளிவரும்போது, பல நேரங்களில் கூடவே ஒரு பட்டியலும் வரும். இந்த இடத்தில் இந்தத் தவறு இருக்கிறது, எங்களுக்கும் தெரியும் என்று தயாரித்தவர்களே அதில் எழுதியிருப்பார்கள். இந்தத் தவறுகளை, 'பக்' என்கிறார்கள். பூச்சி என்று அர்த்தம்! தவறு இருப்பது தெரிந்தும் ஏன் வெளியிட வேண்டும், சரி செய்துவிட்டுக் கொடுத்தால் என்ன என்று உங்களுக்குக் கோபம் வரலாம்.

நியாயமான கோபம்தான். சாப்ட்வேர் என்ற சொல்லே இல்லாத காலத்தில், பாபேஜுக்கும் இதே மாதிரி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அவர் என்ன செய்தார்? கடைசியில் என்ன ஆனது? வாருங்கள், அவருடைய கதையைப் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

1791-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி லண்டனில் பிறந்தான் சார்லஸ். அப்பா வங்கி நடத்தியவர். வசதிக்குக் குறைவில்லை. உடம்புதான் அடிக்கடி படுத்தியது. அதனால் அவனைக் கிராமப்புறத்தில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். அதிகம் படிக்க வைத்து அவன் மூளைக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லியும் வைத்தார்கள். உங்களுக்கு இப்படி ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தால் எப்படி இருக்கும்?

ஆனால், சார்லஸின் மூளை சும்மா இருக்கவில்லை. யாராவது புதுப் பொம்மை வாங்கிக் கொடுத்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்பான். பதில் திருப்தியாக இல்லை என்றால், பொம்மையை உடைத்துப் பார்த்துவிடுவான். ஒருமுறை அம்மா அவனை ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனார். அங்கே சாவி கொடுத்தால் நடனமாடும் வெள்ளிப் பொம்மை ஒன்று இருந்தது. அதைப் பார்த்து அப்படியே மயங்கி நின்றான். பல ஆண்டுகளுக்குப் பின், அதே பொம்மை ஏலத்துக்கு வந்தபோது விலைக்கு வாங்கித் தன் வீட்டு வரவேற்பறையில் வைத்துக்கொண்டார் என்றால் பாருங்களேன்!

1810-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதத்தில் அவர் தானாகவே நிறைய படித்திருந்ததால், ஆசிரியர்களுக்குத் தெரியாத விஷயங்கள்கூட அவருக்குத் தெரிந்திருந்தன. அங்கே ஜான் ஹெர்ஷல் என்ற நல்ல நண்பர் கிடைத்தார். பின்னாளில் பெரிய வானியல் அறிஞர் ஆனவர் இவர். இந்த இரண்டு நண்பர்களும் சேர்ந்து செய்த ஒரு வேலைதான் பாபேஜின் வாழ்க்கையையே மாற்றியது.

பிழைக்கே பிழை திருத்தம்!

அந்தக் காலத்தில் கால்குலேட்டர் கிடையாது. பெரிய எண்களைப் பெருக்கவும் வகுக்கவும், அட்டவணைப் புத்தகங்களைப் பார்ப்பார்கள். லாகரிதம் அட்டவணை என்று பெயர். உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் படித்தபோது, 'லாக் புத்தகம்' புரட்டிய கதையைச் சொல்வார்.

நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் அட்டவணைகள்தான் வேண்டும். அதில் ஒரு எண் தவறாக இருந்தால், கப்பல் பாறையில் மோதக்கூட வாய்ப்பு உண்டு.

இந்த அட்டவணைகளை மனிதர்களே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தயாரித்தார்கள். ஒருவர் கணக்குப் போடுவார். இன்னொருவர் பார்த்து எழுதுவார். அச்சகத்தில் இன்னொருவர் ஈய எழுத்துகளைக் கோப்பார். மூன்று இடத்திலும் தவறு நுழையும்.

அதனால், புத்தகத்துடன் 'பிழை திருத்தம்' என்ற பட்டியலும் வரும். இத்தனையாம் பக்கத்தில் இந்த எண்ணை இப்படித் திருத்திப் படிக்கவும் என்று போட்டிருப்பார்கள். நம் தமிழ்ப் புத்தகங்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். 1834-இல் லார்ட்னர் என்ற எழுத்தாளர், 40 அட்டவணைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார். வெளியிட்டவர்களே ஒப்புக்கொண்ட பிழைகள் மட்டும் 3,700 இருந்தன!

இதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. டெய்லர் என்பவரின் லாகரிதம் புத்தகத்தில் இருந்த பிழைகளுக்கு, 1832-ஆம் ஆண்டுக்கான பிரிட்டிஷ் கடல் பஞ்சாங்கத்தில் திருத்தம் போட்டார்கள். அந்தத் திருத்தத்தில் ஒரு பிழை! 1833 பஞ்சாங்கத்தில், பிழை திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போட்டார்கள். அதிலும் பிழை! 1836 பஞ்சாங்கத்தில், திருத்தத்தின் திருத்தத்துக்கு மறுபடியும் ஒரு திருத்தம்!

சிரிப்பு வருகிறதா? இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

நீராவி கணக்குப் போடுமா?

1821-இல், வானியல் சங்கத்துக்காகப் பாபேஜும் ஹெர்ஷலும் சில கணக்குகளைச் சரிபார்த்தார்கள். ஒரே கணக்கை இரண்டு பேரிடம் தனித்தனியாகப் போடச் சொல்லி, விடைகளை ஒப்பிட்டார்கள். ஒத்துப்போக வேண்டிய விடைகள் ஒத்துப்போகவில்லை. ஒரு பிழை, இன்னொரு பிழை, மேலும் ஒரு பிழை... பாபேஜுக்குப் பொறுமை போய்விட்டது. இந்தக் கணக்கையெல்லாம் நீராவி இயந்திரமே போட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அலுத்துக்கொண்டார். அலுப்பில் வந்த அந்த யோசனை, அவரை விடவே இல்லை.

ஒரு இயந்திரத்தால் எப்படிக் கணக்குப் போட முடியும்? ஒரு பேப்பர் எடுத்து நீங்களே செய்து பாருங்கள். 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களை வரிசையாக எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம் 3, 5, 7, 9. இந்த எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் எப்போதும் 2. அடுத்த வர்க்க எண் வேண்டுமா? 9-உடன் 2-ஐக் கூட்டினால் 11. 25-உடன் 11-ஐக் கூட்டினால் 36. பெருக்கவே இல்லை, வெறும் கூட்டல்தான்!

கூட்டலைப் பல்சக்கரங்களால் செய்துவிடலாம். பத்துப் பல் கொண்ட சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றினால், பக்கத்துச் சக்கரம் ஒரு பல் நகர வேண்டும். அவ்வளவுதான்! வித்தியாசங்களை வைத்துக் கணக்குப் போடுவதால், இதற்கு 'டிபரன்ஸ் இன்ஜின்' என்று பெயர் வைத்தார். விடையை அதுவே அச்சுக்கும் தயார் செய்துவிட வேண்டும் என்று திட்டமிட்டார். கணக்குப் போடுவது, எழுதுவது, அச்சுக் கோப்பது ஆகிய மூன்று இடத்திலும் மனிதக் கை படாது. பிழைக்கு வழியே இல்லை!

1822-இல் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். வானியல் சங்கம் தன் முதல் தங்கப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. 1823-இல் பிரிட்டிஷ் அரசு 1,500 பவுண்டு கொடுத்து, வேலையைத் தொடங்கச் சொன்னது.

பாதியில் நின்ற வேலை

முழு இயந்திரத்துக்கு சுமார் 25,000 பாகங்கள் வேண்டும். ஒன்றைப் போலவே இன்னொன்று துல்லியமாக இருக்க வேண்டும். ஜோசப் கிளெமென்ட் என்ற கைதேர்ந்த பொறியாளர் பாகங்களைச் செய்தார். ஆண்டுகள் ஓடின.

இதற்கிடையே, 1827 அவருக்குச் சோகமான ஆண்டாக அமைந்தது. அந்த ஒரே ஆண்டில் தந்தை, மனைவி ஜார்ஜியானா, மகன் என்று அடுத்தடுத்து இழந்தார். துக்கத்தோடு ஐரோப்பாவில் நீண்ட பயணம் போய்த் திரும்பி, மறுபடியும் வேலையில் மூழ்கினார்.

அந்த ஆண்டில்தான் அவருடைய லாகரிதம் அட்டவணைப் புத்தகமும் வெளிவந்தது. 1 முதல் 1,08,000 வரையிலான எண்களுக்கானது. திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுத்தார். எந்தத் தாளில் எந்த மையில் அச்சிட்டால் கண் ஏமாறாது என்று தெரிந்துகொள்ள, பல நிறத் தாள்களில் பல நிற மைகளால் அச்சிட்டும் சோதித்தார். பிழை மீது அவருக்கு அவ்வளவு பகை!

1832-இல் இயந்திரத்தின் ஏழில் ஒரு பங்கு மட்டும் தயாரானது. அழகாக வேலை செய்தது. ஆனால் அடுத்த ஆண்டே, பணத்தைப் பற்றியும் பட்டறையைப் பற்றியும் கிளெமென்டுடன் தகராறு. வேலை நின்றுவிட்டது.

அரசு அதுவரை கொட்டிய பணம் சுமார் 17,500 பவுண்டு. அந்தப் பணத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ரயில் இன்ஜின்கள் வாங்கியிருக்கலாம்! 1842-இல் அரசு முழுமையாகக் கைகழுவியது. செய்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான பாகங்களில் பெரும்பாலானவை, பழைய உலோகமாக உருக்கப்பட்டன.

இதைவிட நல்லது... அதைவிட நல்லது!

அரசுக்கு ஏன் அலுத்துப்போனது தெரியுமா? தகராறும் செலவும் மட்டும் காரணம் இல்லை. 1834-இல் பாபேஜுக்கு இன்னும் பிரமாதமான யோசனை வந்துவிட்டது! முதல் இயந்திரம் முடிவதற்குள்ளேயே, அதைவிடப் பல மடங்கு திறமையான, 'அனலிட்டிகல் இன்ஜின்' ஒன்றை வரையத் தொடங்கினார்.

டிபரன்ஸ் இன்ஜின் ஒரே வகைக் கணக்கைத்தான் போடும். இதுவோ, நாம் சொல்லும் எந்தக் கணக்கையும் போடும். எண்களை நினைவில் வைக்க ஒரு பகுதி, கணக்குப் போட ஒரு பகுதி என்று இரண்டு பகுதிகள். கட்டளை கொடுக்கத் துளையிட்ட அட்டைகள். ஜக்கார்டு தறியில் இருந்து எடுத்த யோசனை இது. காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்குப் பூ வேலை செய்யும் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அந்த அட்டைத் துளைகள்தான் எந்த நூல் மேலே வர வேண்டும் என்று முடிவு செய்யும். அதேபோல் எந்தக் கணக்கை எப்போது போட வேண்டும் என்று இங்கே அட்டை சொல்லும். இன்றைய கம்ப்யூட்டரின் அமைப்பு இதில் அப்படியே இருக்கிறது. அதனால்தான் அவரைத் தந்தை என்கிறோம்.

இந்த இயந்திரத்தைப் பற்றி 1843-இல் விரிவான குறிப்புகள் எழுதினார் அடா லவ்லேஸ் என்ற இளம்பெண். அதில் வரும் ஒரு கணக்குக்கு உதவுவதாகச் சொல்லி, பாபேஜ் போட்டுக் கொடுத்தார். அதில் பெரிய தவறு ஒன்று இருந்தது. அடா அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்! பிழையைத் துரத்திய பாபேஜிடமே பிழை! இதோடு முடியவில்லை. அடாவின் குறிப்பு அச்சானபோது, அந்தக் கணக்கின் படிகளில் ஒரு வகுத்தல் தலைகீழாக இருந்தது. உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பலரும் கொண்டாடும் அந்தப் பட்டியல், 'பக்' உடன்தான் வெளிவந்தது!

அது வெளிவராமலே இருந்திருந்தால்? அடாவின் அருமையான சிந்தனை நமக்குத் தெரிந்தே இருக்காது.

அப்புறமும் பாபேஜ் ஓயவில்லை. 1847 முதல் 1849 வரை இரண்டாவது டிபரன்ஸ் இன்ஜினுக்கு வரைபடம் போட்டார். முதலாவதைவிட மிகக் குறைவான பாகங்களில், இன்னும் நேர்த்தியாக! ஆனால் இந்த முறை அரசு பணம் தர மறுத்துவிட்டது.

ஸ்வீடன் நாட்டு அப்பாவும் பிள்ளையும்

பாபேஜின் இயந்திரத்தைப் பற்றி லார்ட்னர் எழுதிய கட்டுரையை ஸ்வீடன் நாட்டில் ஒருவர் படித்தார். அவர் பெயர் ஜார்ஜ் ஷூட்ஸ். அச்சுத்தொழில் தெரிந்தவர். அவருடைய மகன் எட்வர்ட், பதின்ம வயதிலேயே அப்படி ஒரு இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினான்.

பல ஆண்டு உழைப்பில் 1853-இல் அவர்களுடைய இயந்திரம் முடிந்தது. பாபேஜ் வரைந்ததைவிடச் சிறியது. குறைந்த இலக்கங்களைத்தான் கையாளும். பிழை நுழையாமல் தடுக்க பாபேஜ் யோசித்திருந்த சில பாதுகாப்புகள் அதில் இல்லை. பக்கத்திலேயே நின்று கவனமாக ஓட்ட வேண்டும். ஆனால் அது ஓடியது! 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. அமெரிக்காவின் டட்லி வானியல் ஆய்வகம் அதை வாங்கிக்கொண்டது. அதேபோல் இன்னொன்றை பிரிட்டிஷ் அரசே செய்து வாங்கியது. மக்களின் ஆயுள் பற்றிய அட்டவணைக்காக, 1864-இல் வெளியான புத்தகத்தின் சில பக்கங்களை அந்த இயந்திரம் தயாரித்தது.

பாபேஜ் பொறாமைப்பட்டாரா? இல்லவே இல்லை! லண்டனுக்கு வந்த அப்பாவையும் மகனையும் அன்போடு வரவேற்றார். அவர்களுக்குப் பாராட்டு கிடைக்க முன்னால் நின்று உதவினார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

பாபேஜ் 1871 அக்டோபர் 18-ஆம் தேதி காலமானார். மகத்தான வரைபடங்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. முழு இயந்திரம் ஒன்றுகூட இல்லை.

விடை கிடைத்ததா?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தவறு இருப்பது தெரிந்தும் சாப்ட்வேரை ஏன் வெளியிடுகிறார்கள்?

முதல் காரணம், ஒரு பிழையைத் திருத்தப் போனால் புதுப்பிழை வரலாம். கடல் பஞ்சாங்கத்தின் கதை நினைவிருக்கிறதா? லட்சக்கணக்கான வரிகள் கொண்ட சாப்ட்வேரிலும் அப்படித்தான். ஒன்றோடு ஒன்று பின்னியிருக்கும். அவசரத்தில் ஓரிடத்தில் கை வைத்தால், ஓடிக்கொண்டிருந்த வேறொரு இடம் நின்றுபோகும்.

இரண்டாவது, எல்லாப் பிழையும் ஒன்று இல்லை. எப்போதோ ஒருமுறை ஒரு படம் கோணலாகத் தெரிவது சின்னப் பிழை. அதற்காக, காத்திருக்கும் லட்சம் பேருக்குப் பயன்படும் பொருளை நிறுத்தி வைக்க முடியாது. ஷூட்ஸ் இயந்திரம் குறையோடு உதவியது. பாபேஜின் இயந்திரமோ, காத்திருந்த யாருக்கும் அவர் காலத்தில் கிடைக்கவே இல்லை.

மூன்றாவது, எழுதி வைத்த பிழை ஓரளவு அடங்கிய பிழை. பட்டியலைப் பார்த்த மாலுமி, அந்த எண்ணைத் திருத்திக்கொள்வார். அதேபோல், இந்தப் பொத்தானைத் தொட வேண்டாம், அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள் என்று சாப்ட்வேர் பட்டியல் வழி சொல்லும். அடுத்த பதிப்பில் திருத்தியும் தருவார்கள்.

ஆனால், ஜாக்கிரதை! இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. விமானத்தை ஓட்டும் சாப்ட்வேர், ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து செலுத்தும் கருவியின் சாப்ட்வேர் ஆகியவற்றில் உயிருக்கு ஆபத்தான பிழை இருப்பது தெரிந்தால், திருத்தாமல் வெளியிடவே கூடாது. தெரிந்த பிழையை மறைப்பதும் பெரிய குற்றம். கப்பல் பாறையில் மோதக் கூடாதே என்ற பாபேஜின் கவலை, இங்கேதான் நமக்கு வேண்டும்.

அப்படியானால் பாபேஜ் தோற்றுவிட்டாரா? இன்னும் ஒரு சம்பவம் பாக்கி இருக்கிறது.

அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த 1991-இல், லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவருடைய இரண்டாவது டிபரன்ஸ் இன்ஜினை உண்மையிலேயே செய்து முடித்தது. அவர் காலத்துப் பட்டறையில் எவ்வளவு துல்லியம் கிடைத்திருக்குமோ, அதே அளவு துல்லியத்தில்தான் பாகங்களைச் செய்தார்கள். கைப்பிடியைச் சுற்றினார்கள். விடைகள் மிகச் சரியாக வந்தன! அச்சிடும் பகுதியும் 2002-இல் முடிந்தது. மொத்தம் 8,000 பாகங்கள். எடை 5 டன்.

ஒரு சின்னச் செய்தி. வேலையைத் தொடங்கியபோது, பாபேஜின் வரைபடங்களிலும் சில பிழைகள் இருந்ததைப் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். திருத்திக்கொண்டு மேலே போனார்கள். அவர் காலத்திலேயே இயந்திரத்தைச் செய்திருந்தால், அவரும் கண்டுபிடித்திருப்பார், திருத்தியிருப்பார். செய்து பார்த்தால்தானே சில பிழைகள் கண்ணில் படும்!

எனவே குட்டீஸ், நீங்களும் ஒரு கதையோ, படமோ, புரோகிராமோ செய்யும்போது பாபேஜைப் போலப் பிழைக்குப் பயப்படுங்கள். திரும்பத் திரும்பச் சரிபாருங்கள். ஆனால் ஷூட்ஸ் குடும்பத்தைப் போல முடித்தும் காட்டுங்கள். மிச்சம் இருக்கிற குறையை மறைக்காமல் எழுதி வையுங்கள். அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம்.